சுவரைத் தட்டினால் ஜெயில்!

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 'ஹோம் இன்ஸ்பெக்டர்' என்று ஒரு உத்தியோகம். வீடு வாங்கப் போகிறவருக்காக அந்த வீட்டைக் கூரை முதல் அஸ்திவாரம் வரை சோதித்து ரிப்போர்ட் கொடுப்பவர். லத்தி, தொப்பி கிடையாது. டார்ச்சும் ஏணியும்தான்!

லைசென்ஸ் இல்லாமல், தெரிந்தே இந்தத் தொழிலைச் செய்தால்..? 180 நாள் வரை ஜெயில், 2,000 டாலர் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். ஃப்ளோரிடா இன்னும் கறார்... ஒரு வருஷம் வரை உள்ளே! கலிஃபோர்னியாவிலோ லைசென்ஸே கேட்பதில்லை. 'நீ சோதித்த வீட்டில் 12 மாசத்துக்கு நீயே காசு வாங்கி ரிப்பேர் பண்ணாதே' என்பது போலச் சில கட்டுப்பாடுகளோடு சரி. தேசம் ஒண்ணுதான். ஒரு மாநிலத்தில் களி, இன்னொன்றில் காபி!

"சுவரைத் தட்டிப் பார்த்ததுக்கு ஜெயிலா? ரொம்ப ஓவர் சார்!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க.

டல்லாஸ் வட்டாரத்தில் பல இடங்களில் களிமண் பூமி. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அஸ்திவாரம் மெள்ள ஆட்டம் காணும். மேலே புது பெயின்ட் பளபளக்கும். அங்கே போய் முப்பது வருஷக் கடனில் வீடு வாங்கும் நம்ம பிள்ளைகளுக்கு பெயின்ட்தானே கண்ணில் படும்? ஒப்பந்தத்தில் ஒரு சிறு தொகை கொடுத்து, 'இத்தனை நாளுக்குள் விலகிக்கொள்வேன்' என்று உரிமை வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சில நாட்களுக்குள் வருகிற ரிப்போர்ட்தான் 'வாங்கு' அல்லது 'ஓடு' என்று சொல்ல வேண்டும். அதைப் போலி ஆசாமி எழுதினால் முப்பது வருஷமும் கோவிந்தா!

லைசென்ஸ்காரர் மட்டும் சர்வ ஞானியா? இல்லை. அவரும் கோட்டை விடலாம். ஆனால், அவர் குறைந்தது ஒரு லட்சம் டாலருக்குத் தொழில் இன்ஷூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்கிறது டெக்ஸாஸ் சட்டம். புகார் செய்ய ஓர் ஆபீஸும் உண்டு. போலியிடம் இருப்பது விசிட்டிங் கார்டு மட்டுமே.

இன்னொரு விஷயம். போலி மாட்டிக்கொண்டால் அபராதப் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். விரிசலை அடைக்கிற செலவு? வீட்டுக்காரர் தலையில்! அவர் ஆறு மாசம் உள்ளே இருந்தாலும் அஸ்திவாரம் தானாக நிமிராது.

அதனால் டல்லாஸில் வீடு பார்க்கும் மகனுக்கோ மருமகனுக்கோ போன் பண்ணும்போது மறக்காமல் சொல்லுங்க: டெக்ஸாஸ் ரியல் எஸ்டேட் கமிஷனின் வெப்சைட்டில் இன்ஸ்பெக்டர் பெயரைத் தட்டினால் லைசென்ஸ் உண்டா, இல்லையா தெரிந்துவிடும்.

அவர் சுவரைத் தட்டுவதற்கு முன்னால் நீங்க அதைத் தட்டிடுங்க!