ரோட்டுக்கும் டிக்கெட்!

ஒரு சின்னக் கற்பனை ஃப்ரெண்ட்ஸ். புதுப்படம் ரிலீஸ். தியேட்டர்காரர் திடீர்னு மனசு மாறி, 'எல்லா ஷோவும் ஃப்ரீ'ன்னு போர்டு வெச்சுட்டார். என்ன ஆகும்? விடியற்காலை நாலு மணிக்கே தெருமுனை வரைக்கும் க்யூ நிக்கும். அந்த ஹீரோவுக்காக உயிரையே விடற ரசிகனும் நிப்பான், ஏ.சி-யில ரெண்டு மணி நேரம் தூங்கலாம்னு வந்தவனும் நிப்பான். டிக்கெட் ஃப்ரீதான். ஆனா கால் கடுக்க நின்னோமே, அந்த நாலு மணி நேரம்? அதுதான் விலை!

சிட்டி ரோடும் இந்த தியேட்டர் மாதிரிதான். உள்ளே வரக் கட்டணம் இல்லை. அதனால எல்லாரும் ஒரே நேரத்துல வர்றோம். காசாக் கட்டாததை நேரமாக் கட்டறோம். காசாவது கஜானாவுக்குப் போய்ச் சேரும். சிக்னல்ல தொலைச்ச அரை மணி நேரம் யாருக்குமே போய்ச் சேராது. புகையாப் போயிடும், அவ்வளவுதான்.

'அப்போ கூட்ட நேரத்துல ரோட்டுக்கும் ஒரு விலை வைங்களேன்'னு 1950-கள்லயே சொன்னவர் வில்லியம் விக்ரி. அமெரிக்காவின் கொலம்பியா யுனிவர்சிட்டி பேராசிரியர். அப்போ யாரும் பெரிசா காதுல வாங்கிக்கலை. 1996-ல வேற ஓர் ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபல் பரிசு அறிவிச்சாங்க. மூணே நாள்ல இறந்துட்டார் மனுஷன். ஆனா அவர் ஐடியா மட்டும் ஊர் ஊரா சுத்திக்கிட்டே இருக்கு. முதல்ல நடத்திக் காட்டினது சிங்கப்பூர், 1975-ல.

இதை டோல்கேட்டோட குழப்பிக்காதீங்க பாஸ். டோல்கேட், ரோடு போட்ட காசைத் திரும்ப எடுக்கறதுக்கு. நடுராத்திரி ஆளில்லாத ரோட்டுல போனாலும் அதே ரேட்தான். இது அப்படி இல்லை. கூட்டத்தைக் கலைக்கறதுக்கான விலை. கூட்டம் ஏறினா ரேட் ஏறும், குறைஞ்சா குறையும். ரோடு காலியா இருந்தா ஃப்ரீ!

சரி, இதெல்லாம் நிஜத்துல நடக்குமா? ஸ்வீடன் தலைநகரம் ஸ்டாக்ஹோமுக்கு ஒரு ட்ரிப் அடிக்கலாம் வாங்க.

ஆறு மாசம் டைம் குடு!

தீவுகள் மேல கட்டின ஊர் அது. நடு சிட்டிக்குள்ள போகணும்னா பெரும்பாலும் ஏதாவது ஒரு பாலத்தைத் தாண்டியாகணும். காலையும் மாலையும் அந்தப் பாலங்கள்ல வண்டிகள் நத்தை மாதிரி ஊரும். 2002 தேர்தல்ல 'ரோட்டுக் கட்டணம் வராது'ன்னு வாக்குக் கொடுத்துத்தான் மேயர் ஆனார் அன்னிகா பில்ஸ்ட்ராம். ஜெயிச்சதும் கூட்டணிக் கணக்கு மாறிடுச்சு. பசுமைக் கட்சி ஆதரவு வேணும்னா கட்டணம் கொண்டு வந்தே ஆகணும்னு நிலைமை. ஜனங்க கொந்தளிச்சாங்க. பத்திரிகைகள் கிழிச்சுத் தோரணம் கட்டின.

கடைசியில ஒரு சமரசம். 'கிட்டத்தட்ட ஏழு மாசத்துக்கு ஒரு ட்ரையல். அப்புறம் ஓட்டுப் போட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.'

இதுல அவங்க செஞ்ச முதல் வேலையைக் கவனிங்க. கட்டணம் ஆரம்பிக்கறதுக்குச் சில மாசம் முன்னாடியே, 2005 ஆகஸ்ட்லயே, கிட்டத்தட்ட 200 புது பஸ்களை ரோட்டுல இறக்கிட்டாங்க. 'கார்ல வராதே'ன்னு சொல்றதுக்கு முன்னாடி 'இதோ, இதுல வா'ன்னு வழி காட்டினாங்க.

2006 ஜனவரி 3. ஊரைச் சுத்தி 18 இடத்துல கேமரா. கூண்டு இல்லை, குறுக்குக் கட்டை இல்லை, வண்டியை நிறுத்தவே வேண்டாம். நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்துக் கணக்குல ஏத்திடும். வார நாள்ல காலை ஆறரையிலிருந்து சாயங்காலம் ஆறரை வரைக்கும் கட்டணம். நேரத்தைப் பொறுத்து 10, 15, 20 க்ரோனா. 20 க்ரோனான்னா அப்போ சுமார் ரெண்டு யூரோ. எத்தனை தடவை போய் வந்தாலும் ஒரு நாளைக்கு 60-க்கு மேல கிடையாது. ராத்திரியும் சனி, ஞாயிறும் ஃப்ரீ.

ரிசல்ட்? அந்த எல்லையைத் தாண்டற வண்டிகள் சுமார் 20 சதவிகிதம் குறைஞ்சது.

'ப்பூ, இருபதுதானா?'ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. நிறைஞ்ச அண்டாவுல கடைசியா ஊத்தற டம்ளர் தண்ணிதானே வழியும்? ட்ராஃபிக்கும் அப்படித்தான். பத்துல எட்டு வண்டி வரைக்கும் ரோடு தாங்கும். கடைசி ரெண்டு வண்டிதான் மொத்தப் பேரையும் நிறுத்தி வைக்கும். அதனாலதான் வண்டிகள் இருபது சதவிகிதம் குறைஞ்சப்போ, நெரிசல்ல காத்துக்கிடக்கற நேரம் பல இடங்கள்ல மூணுல ஒரு பங்கு, சில இடங்கள்ல பாதி வரைக்கும் குறைஞ்சது. எல்லாரையும் காரை வித்துட்டு வரச் சொல்லலை. 'இன்னிக்கு, இந்த நேரத்துல, கார்லதான் போகணுமா?'ன்னு பத்து பேர்ல ரெண்டு பேரை யோசிக்க வெச்சாங்க. அது போதுமா இருந்தது.

ஜூலை 31-ல ட்ரையல் முடிஞ்சுது. கட்டணத்தை எடுத்ததும் வண்டிகள் பழையபடி திரும்ப ஆரம்பிச்சுது. ஜனங்க 'அடடா'ன்னு நினைச்சிருக்கணும்! செப்டம்பர் 17-ல ஓட்டெடுப்பு. ட்ரையலுக்கு முன்னாடி பெரும்பாலும் எதிர்த்த அதே நகரம், இப்போ மெஜாரிட்டியா 'வேணும்'னு சொல்லிடுச்சு. அதே நாள் நடந்த தேர்தல்ல ஆட்சி கைமாறினாலும், புதுசா வந்தவங்களும் அதைத் தூக்கி எறியலை. 2007 ஆகஸ்ட் 1 முதல் நிரந்தரமாச்சு. பின்னால நடந்த கருத்துக்கணிப்புகள்ல ஆதரவு 70 சதவிகிதத்தைத் தொட்டது. இதுல சூப்பர் காமெடி என்னன்னா, மனசு மாறின பல பேருக்குத் தாங்க மாறினதே ஞாபகம் இல்லையாம். 'நான் ஆரம்பத்துலேர்ந்தே இதுக்கு ஆதரவுதான்'னு சொல்றதா அங்கே ஆராய்ச்சி பண்ணின யோனாஸ் எலியாசன் சொல்றார்.

எல்லா ஊர்லயும் கைதட்டலா?

இல்லவே இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவுல 2005-ல ட்ரையல் எதுவும் இல்லாம முதல்லயே ஓட்டெடுப்பு வெச்சாங்க. நாலுல மூணு பேர் 'வேண்டாம்'. 2008-ல மான்செஸ்டர்லயும் அதே கதை. பலன் தெரியறதுக்கு முன்னாடி பில் மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்சா யார் சரின்னு சொல்வா?

ஸ்வீடன்லயே இன்னொரு கதை. கோத்தன்பர்க்ல 2013-ல கட்டணம் வந்தது. 2014 ஓட்டெடுப்புல மெஜாரிட்டி 'வேண்டாம்'னு சொன்னாங்க. ஆனா கட்டணம் தொடர்ந்தது. அந்த வருமானத்தை நம்பி பெரிய ரயில் திட்டத்தை ஆரம்பிச்சிருந்தாங்க. திட்டம் நல்லதோ கெட்டதோ, 'அப்புறம் எதுக்குய்யா எங்களைக் கேட்டீங்க?'ன்னு ஒருத்தர் கேட்டா பதில் சொல்றது கஷ்டம்.

ஸ்டாக்ஹோம்லயும் ஒரு முள் உண்டு. ஓட்டெடுப்பு நடத்தின சுத்துவட்டார ஊர்கள்ல மொத்தமாப் பார்த்தா 'வேண்டாம்'தான் ஜெயிச்சுது. தினமும் வெளியிலேர்ந்து கார்ல வர்றவங்களுக்குத்தானே செலவு?

'அப்போ பணக்காரனுக்குத்தான் ரோடா?'

கரெக்டான கேள்வி. லட்சாதிபதிக்கு 20 க்ரோனா தூசு. நைட் ஷிஃப்ட் முடிச்சு பழைய கார்ல வீட்டுக்குப் போற தொழிலாளிக்கு அது காசு. இதை மழுப்பக் கூடாது.

ஆனா மறுபக்கத்தையும் பாருங்க. அறுபது பேர் தொங்கிக்கிட்டு வர்ற ஒரு பஸ், ஆளுக்கொரு காரா வர்ற அறுபது பேருக்குப் பின்னால சிக்கி நிக்குது. இப்போ ஃப்ரீயா இருக்கற ரோடு யாருக்கு ஃப்ரீ? காருக்கு. அந்த ஃப்ரீக்கு பில் கட்டறது பஸ்ல நிக்கற ஏழைதான். லேட்டாப் போய் சம்பளத்துல பிடிச்சாலும், முதல் பீரியட் அட்டெண்டன்ஸ் போனாலும் அவன் கணக்குலதான்.

அதனால 'கட்டணம் நல்லதா கெட்டதா'ங்கறது பாதிக் கேள்விதான். மீதிப் பாதி, வசூலான காசு எங்கே போகுதுங்கறது. நியூயார்க்ல 2025 ஜனவரி 5-ல மான்ஹாட்டனின் தெற்குப் பகுதிக்குள்ள வர்ற கார்களுக்குக் கூட்ட நேரத்துல 9 டாலர் கட்டணம் வந்தது. அந்தக் காசு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும்தான்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க. பஸ்ஸுக்குப் போனா, கார்ல வர்றவர் காசுல பஸ்ல வர்றவர் சீக்கிரம் போவார். வேற எங்கேயோ போனா, அது இன்னொரு வரி, அவ்வளவுதான்.

உங்கள்ல நிறைய பேர்கிட்ட கார் இருக்காது. 'நமக்கென்ன'ன்னு மட்டும் விட்டுடாதீங்க. இந்த ஐடியா எந்த ஊர்ல தலைகாட்டினாலும் மூணு கேள்வி கேளுங்க. பஸ் முதல்ல வருமா, பில் முதல்ல வருமா? வசூலாகற காசு எங்கே போகும்? ட்ரையல் பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னா நிஜமாவே நிறுத்துவீங்களா?

மூணுக்கும் நேர்மையான பதில் வந்தா, ஆறு மாசம் முயற்சி பண்ணிப் பார்க்கலாம். ஒண்ணுக்கு பதில் வரலைன்னாலும் தயங்காம 'நோ' சொல்லுங்க.

இதை இன்னிக்கே கேன்டீன்ல ஒரு டிபேட்டா வைங்க. ஆனா டீக்குக் காசு யார் கொடுக்கறதுன்னு முதல்லயே பேசி வெச்சுடுங்க. அதுவும் ஃப்ரீன்னு தெரிஞ்சா க்யூ பெரிசாயிடும்!