காய்ச்சல் வந்த தேதி என்ன?

"என்னிக்குக் காய்ச்சல் ஆரம்பிச்சது?"

என் வைத்தியசாலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். "முந்தாநாள் டாக்டர்" என்பார் கணவர். "இல்லீங்க, ஞாயித்துக்கிழமையே உடம்பு வலின்னு படுத்துட்டீங்களே!" என்பார் மனைவி. அதற்குள் பாட்டி, "பேரனுக்குத்தான் மொதல்ல வந்துது" என்று ஆரம்பிப்பார்.

அந்த வீட்டுச் சமையலறையிலும் மாதக் காலண்டர் ஒன்று தொங்கிக்கொண்டுதான் இருக்கும். கேஸ் சிலிண்டர் வந்த தேதி அதில் இருக்கும். பால் வாங்காத நாளுக்குப் பெருக்கல் குறி இருக்கும். வேலை செய்கிற அம்மா வராத நாளைச் சுற்றி வட்டம் போட்டிருப்பார்கள். காய்ச்சல் வந்த தேதியை மட்டும் யாரும் குறிப்பதில்லை!

அதே காலண்டரில், அதே பேனாவால், யாருக்கு என்றைக்குக் காய்ச்சல் வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். தெர்மாமீட்டர் காட்டியது எவ்வளவு? இருமல், மூக்கொழுகல் உண்டா? என்ன மாத்திரை கொடுத்தீர்கள்? இவ்வளவு போதும். "மெடிக்கல்ல ஒரு வெள்ளை மாத்திரை குடுத்தாங்க" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் எதுவும் புரியாது.

தேதியில் அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஃப்ளூ கிருமி உள்ளே போன ஒன்று முதல் நாலு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டே நாளில், காய்ச்சலாக வெளியே தெரியும். தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அது அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடம் போகும் பையனுக்குத் திங்கட்கிழமை, அம்மாவுக்குப் புதன், தாத்தாவுக்கு வெள்ளி என்று காலண்டரில் வரிசையாக விழுந்தால் கதை ஓரளவு புரிந்துவிடும். பையனுக்கு வந்த அன்றே தாத்தாவின் கட்டிலை வேறு அறைக்கு மாற்றியிருக்கலாமே என்றும் தோன்றும். அவர் சர்க்கரை நோயாளியாகவோ ஆஸ்துமாக்காரராகவோ இருந்தால் இது சின்ன விஷயமில்லை. ஃப்ளூவுக்கென்று ஆங்கில மருத்துவத்தில் இருக்கும் மாத்திரைகூட முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். தேதி தெரியாமல் அந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃப்ளூ குளிர்கால வியாதி என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் படிக்கிறோம். சென்னையில் குளிர்காலம் ஏது? டில்லியிலும் புனேயிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ ஏறும். சென்னையில் அது வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து அக்டோபர், நவம்பரில் உச்சத்துக்கு வரும். மொட்டைமாடித் தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு பெருகுவதும் இதே மாதங்களில்தான். இரண்டும் ஒரே தெருவில், சமயத்தில் ஒரே வீட்டிலேயே இருக்கும்.

ஃப்ளூவில் இருமலும் தொண்டை வலியும் முன்னால் வந்து நிற்கும். டெங்குவில் இவை அவ்வளவாக இருக்காது. ஆனால் இதை மட்டும் வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். டெங்குவில் முதல் ஐந்து நாளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு வேறொன்று. அதற்கும் தேதிதான் வேண்டும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் இறங்கும்போது "அப்பாடா, விட்டுடுச்சு" என்று வீடே சந்தோஷப்படும். டெங்குவாக இருந்தால் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டிய நேரம் அதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்தக் காய்ச்சலானாலும் மூச்சு வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, விட்ட காய்ச்சல் இருமலோடு திரும்பி வந்தாலோ அப்படித்தான்.

'சித்த வைத்தியர் கஷாயம் சொல்லாமல் ரத்தப் பரிசோதனை பேசுகிறாரே' என்று நினைக்காதீர்கள். சுரத்தை 64 வகையாகப் பிரித்தார் யூகி முனிவர். எங்கள் எண்வகைத் தேர்வில் நாடியோடு 'மொழி'யும் ஒன்று. நோயாளி பேசுவதைக் கேட்காமல் சித்த வைத்தியம் கிடையாது. நிலவேம்புக் குடிநீரையும் கபசுரக் குடிநீரையும் நானும்தான் கொடுக்கிறேன். ஆனால் நாள் கணக்கே இல்லாமல், காய்ச்சல் ஏறுதா இறங்குதா என்று பார்க்காமல், வாரக்கணக்கில் கஷாயம் குடித்துவிட்டுக் கடைசியில் மூச்சுத் திணறலோடு வருகிறார்களே... அதை எந்தச் சித்தர் சொன்னார்?

ஊர்க் கணக்கும் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். நோய்களைக் கண்காணிக்க மத்திய அரசின் திட்டம் ஒன்று 2004-லேயே வந்தது. ஆனால் ஆஸ்பத்திரிப் படியேறாத காய்ச்சல் அதில் எப்படிச் சேரும்? 2020-ல் கொரோனா நேரத்தில் சென்னை மாநகராட்சி வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேட்டது. எத்தனை பேர் கிரில் கதவுக்குப் பின்னால் இருமலை அடக்கிக்கொண்டு "இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று சொன்னோம்! வாசலில் தகரம் அடித்துவிடுவார்களே என்ற பயம். சொன்னவனுக்குத் தண்டனை என்றால் எவன் சொல்வான்? கணக்கெடுக்க வருகிறவர் கையில் மருந்தோடு வரட்டும், தகரத்தோடு வர வேண்டாம் என்பது என் கட்சி.

அரசாங்கத்தை மட்டும் சொல்வானேன்? பரீட்சை நாளென்று மாத்திரை போட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். வேலை செய்கிற அம்மா காய்ச்சலென்று சொன்னால் அன்றையச் சம்பளத்தைப் பிடிக்கிறோம். அதனால் அவரும் சொல்லாமல் வருகிறார், உங்கள் வீட்டையும் சேர்த்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். காலண்டரில் அவருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். காய்ச்சல் நாளுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டேன் என்று முதலில் அவரிடம் சொல்லிவிட்டு, அப்புறம் கேளுங்கள்.