கோப்பில் கிடந்த கையெழுத்து



பெரியதொரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றும் சகோதரி ஒருவர் நம் பங்கில் உண்டு. இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பணம் வழங்கும் பிரிவே அவரது பிரிவு. சென்ற திங்களில் ஒரு மாலை, செபமாலை முடிந்தபின் பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து மனம் விட்டுப் பேசினார். (பாவசங்கீர்த்தனத்தில் அன்று, அவரது இசைவோடுதான் இதனை வரைகிறோம்.)

காப்பீட்டு அலுவலக வேலை என்றால் மின்விசிறியின் கீழ் நாற்காலி, தவறாத சம்பளம், பெண் கேட்டு வருவோரிடம் சொல்லிக்கொள்ளத்தக்க உத்தியோகம் என்றே நாமும் எண்ணியிருந்தோம். அவரோ, “முதல் வருடம் ஒவ்வொரு கோப்புக்கும் அழுதேன் சாமி. பிறகு தேதியை மட்டும் பார்க்கப் பழகிவிட்டேன். அப்படிப் பழகியதுதான் இப்போது பயமாக இருக்கிறது” என்றார்.

தேதியைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பாலிசி எடுத்து மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால், எக்காரணம் கொண்டும் அதனை நிறுவனம் கேள்விக்குள்ளாக்க இயலாது. 2015-இல் திருத்தப்பட்ட சட்டம் அவ்வாறு கூறுகிறது. அதற்கு முன்பே மரணம் நேர்ந்தால் விண்ணப்பத்தை வரி வரியாக ஆராய்கின்றனர்.

அவர் மேசைக்கு வந்த கோப்பு ஒரு கொத்தனாருடையது. பாலிசி எடுத்த பதினான்காம் மாதம் இறந்திருக்கிறார். நெடுநாள் நீரிழிவுக்கு மருந்து உண்டவர். விண்ணப்பத்திலோ, நோய் எதுவும் இல்லை என்றிருந்தது. விடைகள் அனைத்தும் ஆங்கிலத்தில், முகவரின் கையெழுத்தில். அடியில் தமிழில் நடுங்கிய கையொப்பம் மட்டுமே கொத்தனாருடையது. அந்த முகவரும் கொடியவர் அல்லர். மார்ச்சு 31-க்குள் இத்தனை பாலிசி என்று மேலிருந்து விரட்டுகின்றனராம். (தவக்காலத்தில் சிலுவைப் பாதைக்குச் சிலர் வராததன் காரணம் நமக்கு அப்போதுதான் விளங்கிற்று.) ஆயினும் குடும்பத்தாரே, பிறர் நிரப்பும் தாளில் படித்துப் பாராமல் கையொப்பமிடாதீர்கள். நோயிருந்தால் இருக்கிறதென்றே எழுதச் சொல்லுங்கள்.

பணம் மறுக்கும் கடிதத்தைத் தயாரிக்குமாறு சகோதரிக்கு உத்தரவாயிற்று. தயாரித்தார். கூடவே, விடைகள் விண்ணப்பதாரர் எழுதியவை அல்ல, அவற்றை அவருக்குப் படித்துக் காட்டியதற்குச் சான்றும் இல்லை என்று ஒரு குறிப்பையும் கோப்பில் சேர்த்தார். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, “நீங்கள் யார் பக்கம் அம்மா?” என்று கேட்டாராம்.

அந்த ஞாயிறு நாம் பிரசங்கித்த நற்செய்தியோ, நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்று மாற்றி எழுதச் சொன்ன கண்காணிப்பாளனைப் பற்றியது! “அவனைத் தலைவர் மெச்சினாரே சாமி. நானும் ஒரு தேதியை மாற்றியிருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருக்குமே” என்றார். உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. உழைப்பவரின் மாண்பைப் பற்றி இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் விடுத்த சுற்றுமடலைத் தொழிலாளர் தினந்தோறும் எடுத்தாண்டிருக்கிறோம். ஆலையையும் வயலையும் நினைத்தோமே தவிர, கோப்பின் முன் அமர்ந்திருப்பவரை நினைத்ததில்லை. பொய்யை எழுதாதது சரி, உண்மை முழுவதையும் எழுதியது அதனினும் சரி என்று மட்டும் சொன்னோம்.

அவரோ அதற்குள் செய்யவேண்டியதைச் செய்து முடித்திருந்தார். சனிக்கிழமை பேருந்தேறி அக்கைம்பெண்ணின் வீட்டுக்குச் சென்று, ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறார். மோசடி என்று நிறுவப்படாமல், தவறான தகவல் என்ற அளவில் மறுத்தால், கட்டிய தவணைத் தொகையைத் தொண்ணூறு நாள்களுக்குள் திருப்பித் தரவேண்டும் என்பதையும், மறுப்பையே எதிர்த்துச் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம் என்பதையும் எடுத்துரைத்திருக்கிறார். கட்டணம் இல்லை; வக்கீலும் வேண்டுவதில்லை.

மனுவை நம் உபதேசியார் எழுதிக் கொடுத்தார். விசாரணைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. சென்ற வெள்ளியன்று சகோதரி பூசைக் கருத்துக்குக் காணிக்கை கொண்டுவந்தார். யாருக்காக என்று கேட்டோம். கொத்தனாரின் ஞானஸ்நானப் பெயரைச் சொன்னார். அது பாலிசியில் இல்லை. வீட்டில் கேட்டு அறிந்ததாம்.