இங்கு அரசியல் பேசாதீர்?

டீக்கடையிலும் சலூனிலும் இன்றைக்கும் தொங்கும் ஒரு போர்டு: ‘இங்கு அரசியல் பேசாதீர்’. அதற்குக் கீழேயே உட்கார்ந்து, பேப்பரை விரித்துக்கொண்டு அரசியல் பேசுகிறவர்கள்தான் அதிகம் என்பது வேறு விஷயம் :) டீக்கடைக்கு சரி. ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் சேர்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த போர்டு சரிப்படுமா?

விருதுநகர் மாவட்டத்தில் இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். அவர் தேவேந்திரகுல வேளாளர். அந்த ஒரே காரணத்துக்காக, அவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். தென் மாவட்டங்களில் பஸ்கள் உடைந்தன. கலவரத்தில் உயிர்களும் போயின. அதே ஆண்டு ஜூலையில் எல்லா போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான்.

பயணிக்கு அது பஸ். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அதுதான் வேலை செய்யும் இடம். பெயரை அழிக்க ஒரு டப்பா பெயின்ட் போதும். பெயரைப் பார்த்ததும் வந்த வெறுப்பை அழிக்க எந்த பெயின்ட் இருக்கிறது?

அதே விருதுநகர்தான் 1967-ல் காமராஜரை 1285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தது. ஜெயித்தவர் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். சொந்த ஊரில் அவ்வளவு பெரிய தலைவருக்கு எதிராக ஓட்டு விழுகிறது என்றால், மக்கள் மனது மாறும் என்றுதானே அர்த்தம்? கட்சி மாறலாம், கருத்து மாறலாம். பிறந்த சாதியை எவரும் மாற்றிக்கொள்ள முடியாது. கட்சியைப் பற்றிய வாக்குவாதத்தில் ஜெயிக்கலாம், தோற்கலாம். பிறப்பைப் பற்றிய வாக்குவாதம் அவமானத்தில்தான் முடியும்.

இது எங்கே உயிர்ப் பிரச்சனை ஆகிறது என்று பார்க்க, சிவகாசிப் பக்கம் ‘பயர் ஆபீஸ்’ என்று சொல்லும் பட்டாசு ஆலைகளுக்குப் போகவேண்டும். சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்று விதி. சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து வந்து சேருகிறவர்கள் பல சாதி, பல கட்சி. வெடிமருந்துக்கு ஓர் உராய்வு போதும். ‘அண்ணே, மெதுவா வைங்க’, ‘அக்கா, தள்ளி உக்காருங்க’ என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லவேண்டும். முகம் கொடுத்துப் பேசாதவர் சொல்வாரா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 35 பேருக்கு மேல் இறந்தார்கள். தீ யாருடைய சாதியையும் விசாரிக்கவில்லை.

பேசியே தீரவேண்டிய அரசியலும் அங்கே இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டது. தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்றது. அடுத்த மாதம் ஆலைகள் மூடின, பல மாதம் திறக்கவில்லை. வேலை போனால் சோறு இல்லை. பட்டாசுப் புகையால் மூச்சு முட்டுகிறவர்களின் கஷ்டமும் நிஜம். இதைப் பற்றி பட்டாசுத் தொழிலாளி பேசக்கூடாது என்றால், வேறு யார் பேசுவது? கூலி, பாதுகாப்பு, தீர்ப்பு எல்லாமே அரசியல்தான்.

ஆகவே கேள்வி ‘பேசலாமா, கூடாதா’ என்பதல்ல, எதைக் கேட்கலாம் என்பதுதான். இந்தக் கூலி கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். இந்தத் தீர்ப்பு சரியா என்று கேட்கலாம். அதுவும் மருந்து கையில் இருக்கும்போது வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளலாம். பேசப் பிடிக்காமல் ஒருவர் ஒதுங்கினால் விட்டுவிடலாம். ‘ஓட்டு யாருக்கு?’ என்று முதலாளியோ போர்மேனோ கேட்கவே கூடாது. கூலி அவர்கள் கையில் இருக்கும்போது, வருகிற பதில் உண்மையாக இருக்காது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, அரசியல் மாதிரியே தெரியாத ஒரு கேள்வி. ‘நீங்க எந்த ஊரு?’ என்று அன்பாக ஆரம்பித்து, ‘அங்க எந்தத் தெரு?’ என்று முடியும். கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும், கேட்டது விலாசம் அல்ல என்று. எந்த போர்டும் இந்தக் கேள்வியைத் தடுப்பதில்லை.

போர்டு அவசியம் வேண்டும் என்றால் இப்படி எழுதலாம்: ‘இங்கு அரசியல் பேசலாம். தெருவைக் கேட்காதீர்.’