நிரலைத் திறந்துவிட்ட பிறகும் விற்பனையாகும் கணினி விளையாட்டுகள்

ஒரு கணினி விளையாட்டின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதை உருவாக்கிய நிறுவனமே அறிவித்துவிட்டால், பிறகு அதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்? வாங்க ஆள் இருக்கிறது என்பதைக் கடந்த கால் நூற்றாண்டு அனுபவம் காட்டுகிறது. எதைத் திறந்துவிடுகிறோம், எதைக் கையில் வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பரில் வெளியிட்ட ‘டூம்’ இதற்கு முன்னோடி. நான்கு ஆண்டுகள் கழித்து, 1997 டிசம்பரில் அதன் நிரலை நிறுவனம் வெளியிட்டது. அதற்குள் ‘குவேக்’, ‘குவேக் 2’ ஆகிய புதிய விளையாட்டுகள் சந்தைக்கு வந்துவிட்டன. மேலும், வெளியிடப்பட்டது நிரல் மட்டுமே. படங்கள், ஒலி, ஆட்டக் களங்கள் அடங்கிய தரவுக் கோப்பு நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது.

அந்த நிரலை ஆர்வலர்கள் புதிய கணினிகளுக்கு ஏற்றபடி மாற்றி எழுதினர். ஆனால், முழு ஆட்டத்தையும் ஆட அசல் ‘டூம்’ வேண்டும். சம்பளம் வாங்காதவர்களின் உழைப்பால் பழைய சரக்குக்குப் புது ஆயுள் கிடைத்தது. ‘டூம்’ இன்றும் விற்பனையில் இருக்கிறது.

இரண்டாவது வழி, நிரல் வெளியீட்டை விற்பனையோடு இணைப்பது. 2010 மே மாதம், விரும்பிய விலைக்கு வாங்கலாம் என்ற அறிவிப்போடு ‘ஹம்பிள் இண்டி பண்டில்’ தொகுப்பு விற்பனைக்கு வந்தது. வசூல் 10 லட்சம் அமெரிக்க டாலரை எட்டிய நிலையில், அதிலிருந்த நான்கு விளையாட்டுகளின் நிரலைத் திறந்துவிட அவற்றின் படைப்பாளர்கள் முன்வந்தனர். மொத்த வசூல் 12 லட்சம் டாலரைத் தாண்டியது.

மூன்றாவது வழி ‘மிண்டஸ்ட்ரி’ காட்டுவது. அதன் நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, இலவசமாகவும் பெறலாம். ஆனாலும் ‘ஸ்டீம்’ தளத்தில் அது விலைக்கு விற்கப்படுகிறது. ரொட்டி சானாயை வாடிக்கையாளர் கண் முன்னேதான் வீசுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு யாரும் வீட்டில் போய் மாவு பிசைவதில்லை. தானாகப் புதுப்பிக்கப்படும் வசதிக்கும், படைப்பாளரை ஆதரிக்கும் மனநிறைவுக்கும் பலர் பணம் தருகிறார்கள்.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. அந்த 2010 தொகுப்பில் நிரல் திறக்கப்பட்ட விளையாட்டுகளில் ஒன்று ‘லுகாரு’. 2011 தொடக்கத்தில், வேறொருவர் அதன் நகலை ஆப்பிளின் மேக் செயலிக் கடையில் அசலைவிடக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கினார். நிரலைப் பயன்படுத்த அனுமதி இருந்தது. படங்களையும் ஆட்டக் களங்களையும் விற்க அனுமதி இல்லை. படைப்பாளர்கள் முறையிட்ட பிறகே அந்த நகல் நீக்கப்பட்டது.

பெரிய நிறுவனத்திற்கு வழக்கறிஞர்கள் இருப்பார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு குழுவுக்கு உரிமத்தில் எழுதிய வரிகள்தான் பாதுகாப்பு. எனவே, நிரலுக்கு ஓர் உரிமம், படம், இசை, பெயர் ஆகியவற்றுக்கு வேறோர் உரிமம் என்று முதலிலேயே பிரித்து எழுதிவிட வேண்டும். பிறரிடம் உரிமம் பெற்றுச் சேர்த்த பகுதிகளையும் நீக்கியாக வேண்டும். ‘டூம்’ நிரல் வெளியானபோதுகூட, வேறொருவருக்குச் சொந்தமான ஒலிப் பகுதி அதில் சேர்க்கப்படவில்லை.

விளையாட்டு உருவாக்கம் பயிலும் நம் இளைஞர்களும் இதைக் கவனத்தில் கொள்ளலாம். நிரலைத் திறப்பதால் மட்டும் வருமானம் போய்விடுவதில்லை. உரிமையைப் பிரித்து எழுதாமல் திறந்தால்தான் போகும்.