பதினெட்டு வயதுக்கு முன் படிக்க வேண்டிய பாடம்: அமெரிக்கப் பள்ளிகளில் குடிமையியலும் பொருளாதாரமும்

2008ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா நகரம். சமந்தா எலாஃப் என்ற 17 வயது முஸ்லிம் பெண், அபர்குராம்பி நிறுவனத்தின் துணிக்கடையில் வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்காணல் நன்றாகவே நடந்தது. நேர்காணல் செய்தவர் நல்ல மதிப்பெண்ணும் கொடுத்தார். ஆனால் வேலை கிடைக்கவில்லை. அவர் அணிந்திருந்த ஹிஜாப் கடை ஊழியர்களுக்கான தோற்ற விதிக்குப் பொருந்தாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் சும்மா இருந்துவிடவில்லை. சம வேலைவாய்ப்பு ஆணையம் அவருக்காக வழக்குத் தொடுத்தது. முதலில் வெற்றி, மேல்முறையீட்டில் தோல்வி என இழுத்துக்கொண்டு போன வழக்கில், 2015 ஜூன் 1 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டப்படி, மத வழக்கத்துக்கு இடமளிக்க வேண்டிவரும் என்பதற்காக ஒருவரை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கக் கூடாது என்றது தீர்ப்பு.

பதினேழு வயது என்பது பள்ளி இறுதி வகுப்பு மாணவியின் வயது. அந்த வயதில் இப்படி ஒரு சட்டம் இருப்பதும், புகார் வாங்க ஓர் ஆணையம் இருப்பதும் எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்? நம் உறவினர்கள் பலரின் பிள்ளைகளும் இன்று அந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். தன் குடிமக்களுக்குத் தன்னைப் பற்றியே அமெரிக்கா என்ன கற்றுக்கொடுக்கிறது என்று பார்ப்பது நமக்கும் தேவையானதுதான்.

22 சதவீதம்

அமெரிக்காவில் தேசிய அளவில் மாணவர்களின் கல்வித் தரத்தை அளக்கும் தேர்வு ஒன்று உண்டு. அதில் 1998 முதல் இப்போதைய வடிவில் குடிமையியலும் இடம்பெறுகிறது. 2022இல் நடந்த தேர்வில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 22 சதவீதத்தினரே ‘தேர்ச்சி’ நிலையையோ அதற்கு மேலான நிலையையோ எட்டினார்கள். சராசரி மதிப்பெண்ணும் முதன்முறையாகச் சரிந்தது. உலகுக்கெல்லாம் ஜனநாயகப் பாடம் நடத்துவதாகச் சொல்லும் நாட்டின் நிலை இது.

ஏன் இப்படி? முதல் காரணம், அங்கே ஒரே பாடத்திட்டம் கிடையாது. அமெரிக்க அரசியலமைப்பில் ‘கல்வி’ என்ற சொல்லே இல்லை. மத்திய அரசுக்கு என்று தரப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்கிறது 10ஆவது திருத்தம். அதனால் 50 மாநிலங்களும் தத்தம் விதிகளை வகுத்துக்கொள்கின்றன. அவற்றுக்குக் கீழே உள்ள ஆயிரக்கணக்கான பள்ளி வட்டாரங்கள் அந்த விதிகளைத் தம் விருப்பப்படி செயல்படுத்துகின்றன.

இரண்டாவது காரணம், பாடத்துக்குக் கிடைக்கும் நேரம். நியூயார்க், கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அரசாங்கம் பற்றி அரை ஆண்டும் பொருளாதாரம் அரை ஆண்டும் படித்தால் போதும். பெரும்பாலும் இவை 12ஆம் வகுப்பில்தான் வரும். அப்போது பிள்ளைகளின் கவனமெல்லாம் கல்லூரி விண்ணப்பத்தில் இருக்கும்.

மூன்றாவது காரணம், பணம். 2002இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட கல்விச் சட்டம் வாசிப்புக்கும் கணிதத்துக்கும் ஆண்டுதோறும் தேர்வைக் கட்டாயமாக்கியது. தேர்வு உள்ள பாடத்துக்கு நேரமும் நிதியும் போயின. மத்திய அரசு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு அறிவியல், கணிதக் கல்விக்குச் சுமார் 50 டாலரும், குடிமையியலுக்கு வெறும் 5 சென்ட்டும் செலவிடுவதாக 2021இல் வெளியான கல்வியாளர்களின் அறிக்கை ஒன்று கணக்கிட்டது.

மனப்பாடமா, பயிற்சியா?

இந்த நிலையை மாற்ற இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. முதல் வழியை 2015இல் அரிசோனா தொடங்கிவைத்தது. குடியேறிகள் குடியுரிமை பெற எழுதும் தேர்வின் 100 கேள்விகளை உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் வைத்து, 60க்குச் சரியான பதில் சொன்னால்தான் பள்ளிச் சான்றிதழ் என்றது. நாட்டிலேயே முதலில் இப்படிச் சட்டம் போட்ட மாநிலம் அதுதான். வேறு பல மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் பின்தொடர்ந்தன.

கேட்க நல்ல யோசனைதான். ஆனால் உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள், செனட்டில் 100 உறுப்பினர்கள் என்று ஒப்பிக்கும் மாணவனுக்கு, தன் தெருவுக்குப் பள்ளிப் பேருந்து வராவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவிடுமா?

இரண்டாவது வழி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வழி. 2018இல் இயற்றப்பட்ட சட்டப்படி, அங்குள்ள பொதுப் பள்ளிகள் எட்டாம் வகுப்பில் ஒன்று, உயர்நிலைப் பள்ளியில் ஒன்று என, மாணவர்களே முன்னின்று நடத்தும் குடிமைச் செயல்திட்டத்துக்கு வாய்ப்பளிக்க வேண்டும். மாணவர்கள் தங்கள் ஊரில் ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறார்கள். பிறகு உரியவர்களிடம் பேசுகிறார்கள்.

டெக்சாஸ் இதற்கு நேர் எதிராகப் போனது. 2021இல் அங்கே நிறைவேறிய சட்டம், சட்டமன்ற உறுப்பினர்களை அணுகி ஒரு மசோதாவுக்காக வாதாடும் பணிக்கு வகுப்பில் மதிப்பெண் தரக் கூடாது என்று தடுத்தது. பள்ளியில் கட்சி அரசியல் நுழையக் கூடாது என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. தன் அரசியலை மாணவர் தலையில் கட்டும் ஆசிரியரை எந்தப் பெற்றோரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் தங்கள் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுப்பதே அரசியல் என்றால், குடிமையியலில் மிஞ்சுவது என்ன?

இதே கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. ரோட் ஐலண்டு மாநில மாணவர்களும் பெற்றோர்களும் 2018இல் மத்திய நீதிமன்றத்தை அணுகினார்கள். ‘வாக்களிக்கவும், ஜூரியாக அமரவும் தேவையான கல்வியைப் பள்ளி எங்களுக்குத் தரவில்லை, அது எங்கள் அரசியலமைப்பு உரிமை’ என்பது அவர்கள் வழக்கு. 2020இல் அது தள்ளுபடியானது. தள்ளுபடி செய்த நீதிபதியே, குடிமைக் கல்வியின் வீழ்ச்சி ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று எச்சரித்துவிட்டுத்தான் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டிலும் மாணவர்கள் தோற்றார்கள். ஆயினும் 2022இல் மாநில அரசு அவர்களோடு உடன்பாட்டுக்கு வந்து, குடிமைக் கல்வியை மேம்படுத்தக் குழு அமைக்க ஒப்புக்கொண்டது.

எட்ஜ்வுட் மாணவர்கள் நடத்திய பாடம்

குடிமையியலும் பொருளாதாரமும் உண்மையில் ஒரே பாடம் என்பதற்கு டெக்சாஸிலேயே ஒரு சான்று இருக்கிறது. சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்ற பள்ளி வட்டாரம். மாணவர்களில் சுமார் 90 சதவீதம் மெக்சிக வம்சாவளியினர். அதே நகரில் ஆலமோ ஹைட்ஸ் என்ற வசதியான வட்டாரமும் உண்டு.

அமெரிக்கப் பள்ளிகளின் நிதியில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. 1967-68இல் எட்ஜ்வுட் மக்கள் தங்கள் சொத்தின் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் 1.05 டாலர் வரி கட்டினார்கள். ஆலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட். வரி விகிதம் அதிகம் எட்ஜ்வுட்டில்தான். ஆனால் வீடுகளின் மதிப்பு குறைவு. அதனால் மாநில, மத்திய அரசு நிதியையும் சேர்த்தே ஒரு மாணவருக்குக் கிடைத்தது எட்ஜ்வுட்டில் 356 டாலர். ஆலமோ ஹைட்ஸில் 594 டாலர். ஏழை அதிக விகிதத்தில் வரி கட்டி, குறைந்த கல்வியைப் பெற்றான்.

1968 மே 16 அன்று எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். உடைந்த கட்டடத்தைச் சரிசெய்யுங்கள், தகுதியான ஆசிரியர்களைத் தாருங்கள் என்பவை அவர்கள் கோரிக்கைகள். பிள்ளைகளைத் தொடர்ந்து பெற்றோர்களும் திரண்டார்கள். டெமெட்ரியோ ராட்ரிகெஸ் என்ற உலோகத் தகட்டுத் தொழிலாளியின் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973இல் 5-4 என்ற கணக்கில் தோற்றது. கல்வி என்பது மத்திய அரசியலமைப்பு உறுதியளித்த அடிப்படை உரிமை அல்ல என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

அவர்கள் ஓயவில்லை. 1984இல் மாநில நீதிமன்றத்தில் புதிய வழக்கு தொடங்கியது. 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், இந்த நிதிமுறை மாநில அரசியலமைப்புக்கு விரோதமானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வெளிநடப்புச் செய்த மாணவர்கள் அப்போது தாங்களே பிள்ளைகளைப் பெற்றுப் பள்ளிக்கு அனுப்பும் வயதில் இருந்தார்கள்.

சேமிக்கச் சொன்னால் போதுமா?

பொருளாதாரப் பாடத்தின் போக்கும் இன்று மாறிவருகிறது. பொருளாதாரக் கல்விக்கான அமைப்பு ஒன்றின் 2024 கணக்கெடுப்புப்படி, 35 மாநிலங்கள் தனிநபர் நிதிப் பாடத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பொருளாதாரத்தைக் கட்டாயமாக்கியவை 28தான். கலிஃபோர்னியாவும் 2024இல் தனிநபர் நிதிக்குச் சட்டம் இயற்றியது.

வரவு செலவுத் திட்டம், கிரெடிட் கார்டு, கிரெடிட் ஸ்கோர் ஆகியவற்றைப் பிள்ளைகள் அறிவது நல்லதே. பதினேழு, பதினெட்டு வயதில்தான் அங்கே கல்லூரிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். மத்திய அரசின் மாணவர் கடன் நிலுவை 1.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. வட்டியைத் தவிர்க்க நினைக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது இன்னும் கடுமையான சோதனை. திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் உதவித்தொகைக்கும் வட்டியோடு வரும் கடனுக்கும் வேறுபாடு தெரியாமல், ஒரே விண்ணப்பத்தின் வழியாக வருகின்றன என்பதற்காக இரண்டையும் சேர்த்து ஏற்றுக்கொண்டால், அதன் சுமை பல ஆண்டுகள் தொடரும்.

ஆனால் கடனை எப்படி அடைப்பது என்று மட்டும் சொல்லி, கல்லூரிக் கட்டணம் ஏன் இவ்வளவு, வட்டி விகிதத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதைச் சொல்லாத பாடம் பாதிப் பாடம்தான். குடும்பத்தின் கஷ்டம் எல்லாம் அவரவர் சிக்கனக் குறைவால் வந்தது என்ற எண்ணத்தை அது பிள்ளைகள் மனத்தில் விதைத்துவிடும். எட்ஜ்வுட் மக்கள் சிக்கனம் தெரியாமலா ஏழைப் பள்ளியில் படித்தார்கள்?

பெற்றோர் கையில் இருப்பது

பள்ளி தரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் பள்ளி வாரியக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பாடநூல், உணவு, விடுமுறை, நிதி எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. பெருநாள் விடுமுறை, ஹலால் உணவு போன்ற கோரிக்கைகளை வைக்க வேண்டிய இடமும் அதுதான். பிள்ளையை ஒருமுறை அங்கே அழைத்துப் போனால் அரையாண்டுப் பாடம் கண்முன் நடக்கும்.

1984ஆம் ஆண்டின் சம அணுகல் சட்டத்தையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். பாடத்துக்குத் தொடர்பில்லாத மாணவர் குழு ஒன்றுக்கு இடமளிக்கும் பொது உயர்நிலைப் பள்ளி, மாணவர்கள் தாமாக நடத்தும் மதக் குழுவுக்கும் அதே இடத்தைத் தர வேண்டும் என்கிறது அது. முஸ்லிம் மாணவர் மன்றம் தொடங்க விரும்பும் பிள்ளை, சலுகை கேட்பவராகத் தயங்கி நிற்க வேண்டியதில்லை. சட்டம் தெரிந்தால் மரியாதையோடும் உறுதியோடும் கேட்கலாம்.

அமெரிக்காவில் 1971 முதல் 18 வயதில் வாக்குரிமை வந்துவிடுகிறது. அதற்கு முன்பே வேலை, வரி, கடன் எல்லாம் பிள்ளைகளைத் தேடி வந்துவிடுகின்றன. உங்கள் உறவினர் வீட்டில் பதினேழு வயதுப் பிள்ளை இருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது மதிப்பெண்ணோடு இதையும் கேளுங்கள்: “உன் ஊர்ப் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அதை யார் முடிவு செய்கிறார்கள்?”