போலீஸ் பயிற்சிக்குச் சம்மன் பணம்: கலிபோர்னியா கற்ற பாடம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சிவப்பு விளக்கை மீறிச் செல்லும் ஓட்டுநருக்கு அடிப்படை அபராதம் 100 டாலர்தான். ஆனால், அவர் கட்டி முடிப்பதோ ஏறக்குறைய 490 டாலர். மீதி 390 டாலரும் அபராதத்தின் மேல் ஏற்றப்படும் கூடுதல் கட்டணங்கள். நீதிமன்றக் கட்டடம், மரபணுப் பதிவு, அவசர மருத்துவச் சேவை எனப் பல செலவுகளுக்கு அந்த ஒரே சம்மனில் பணம் வசூலாகிறது.

பல ஆண்டுகளாகப் போலீஸ் பயிற்சியும் இந்தப் பட்டியலில் இருந்தது. போலீஸ்காரர்களின் தேர்வுக்கும் பயிற்சிக்கும் தர அளவுகளை வகுக்க 1959ஆம் ஆண்டு அம்மாநிலம் ஓர் ஆணையத்தை அமைத்தது. அடிப்படை அபராதத்தின் ஒவ்வொரு 10 டாலருக்கும் மாநிலம் இன்னொரு 10 டாலர் வசூலித்தது. அதில் மாநில நிதிக்குச் சேர்ந்த பங்கில் 23.99 விழுக்காடு ஆணையத்தின் பயிற்சி நிதிக்குப் போனது. 490 டாலர் சம்மனில் இது சுமார் 17 டாலர்.

ஏற்பாடு நியாயமாகவே தோன்றியது. தவறு செய்தவர் பணம் கட்டுகிறார். ஒழுங்காக நடப்பவருக்குக் கூடுதல் வரி இல்லை. வரியை உயர்த்தி வாக்காளரின் கோபத்தைச் சம்பாதிக்க வேண்டிய நிலையும் அரசியல்வாதிகளுக்கு இல்லை.

சிக்கல் பிறகுதான் தெரிந்தது. சம்மன்கள் குறைந்தபோது நிதியும் குறைந்தது. சாலையில் மக்கள் ஒழுங்காக நடந்தால் மகிழ வேண்டிய அரசு, பயிற்சிக்குப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதாயிற்று. ஆனால் பயிற்சியின் தேவை மட்டும் குறையவில்லை. துப்பாக்கியை எப்போது எடுக்கலாம், மனநலம் பாதிக்கப்பட்டவரை எப்படி அணுகுவது என்பதெல்லாம் அந்த ஆண்டின் வசூலைப் பார்த்துக் கற்றுக்கொடுக்கும் பாடங்கள் அல்ல.

இரண்டாவது சிக்கல், சுமை யார் தலையில் விழுகிறது என்பது. வசதி உள்ளவர் 490 டாலரைக் கட்டிவிட்டு மறந்துவிடுவார். அன்றாடக் கூலிக்காரர் தவணை தவறினால் தண்டத்தொகை ஏறும். 2017 வரை அபராதம் கட்டாதவரின் ஓட்டுநர் உரிமமும் முடக்கப்படலாம் என்ற நிலை இருந்தது. கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத ஊர்களில் உரிமம் போனால் வருமானமும் போகும். பிறகு கடனை எப்படி அடைப்பது? 2010களின் நடுப்பகுதியில், கலிபோர்னிய நீதிமன்றங்களுக்கு வர வேண்டிய வசூலாகாத பாக்கி 1,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

அபராதத்தை வருமானமாகப் பார்க்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரமே சாட்சி. 2014இல் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் அங்கு போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின் அமெரிக்க நீதித்துறை நடத்திய விசாரணையின் அறிக்கை 2015 மார்ச்சில் வெளிவந்தது. மக்கள் பாதுகாப்பைவிட வருமானமே அந்நகரப் போலீசின் நடவடிக்கைகளைத் தீர்மானித்தது என்று அது கூறியது. வாகனத்தைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்காக 151 டாலர் அபராதம் பெற்ற ஒரு பெண், ஏழு ஆண்டுகளில் 550 டாலர் கட்டி, ஆறு நாள் சிறையிலும் இருந்தார். அப்போதும் அவருக்கு 541 டாலர் பாக்கி இருந்தது. ஃபெர்குசனில் அந்தப் பணம் சென்றது நகரத்தின் பொதுச் செலவுக்குத்தான், பயிற்சிக்கு அல்ல. ஆனாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே: பொதுச் சேவையின் செலவை வரியில் கேட்காமல் வழக்கில் கேட்பது.

கலிபோர்னியா பாடம் கற்றது. 2017இல் பழைய பங்கீட்டு விகிதங்கள் நீக்கப்பட்டன. அடுத்த நிதியாண்டில் ஆணையத்திற்கு மாநிலப் பொது நிதியிலிருந்து பணம் வந்தது. 2021இல் இன்னொரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. கடுமையான தவறு செய்யும் போலீஸ்காரரின் தகுதிச் சான்றிதழைப் பறிக்கும் அதிகாரம் ஆணையத்திற்குக் கிடைத்தது. போலீசைக் கண்காணிக்கும் ஓர் அமைப்பு, அதே போலீசார் எழுதும் சம்மன்களை நம்பிப் பிழைப்பது எவ்வளவு பொருந்தாதது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மலேசியாவில் ஏற்பாடு வேறு. அரசியலமைப்பின் 97ஆவது பிரிவின்படி கூட்டரசின் வருமானம் ஒரே பொது நிதியில் சேர்கிறது. போலீஸ் படைக்கான ஒதுக்கீடு நாடாளுமன்றம் ஏற்கும் வரவு செலவுத் திட்டத்தின் வழி வருகிறது. சம்மன் பணத்தை நேரடியாக ஒரு துறைக்கே கொடுத்துவிடலாம் என்ற யோசனை எங்கே எழுந்தாலும், கலிபோர்னியாவின் அனுபவத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

நல்ல போலீஸ்காரர் ஊர் முழுவதற்கும் தேவை. அவரை உருவாக்கும் செலவும் ஊர் முழுவதற்கும் உரியது. அபராதம் தவற்றைக் குறைப்பதற்காக விதிக்கப்படுவது. அந்த நோக்கம் நிறைவேறும் நாளில் வற்றிப்போகும் வருமானத்தை நம்பி எந்தப் பயிற்சிக் கூடத்தையும் நடத்த முடியாது.